நுண்ணுயிர்கொல்லி மருந்துகளும் தொற்றுநோய்த் தடுப்பும்

க.பொ.த. (சாதாரண தரம்) சுகாதாரமும் உடற்கல்வியும்
(விஞ்ஞான பாட மாணவர்களுக்கும் பயன்படும்)



தொற்றுநோய்கள் பற்றிய வினா ஏதோ ஒரு வடிவில் பரீட்சையில் இடம்பெறுவது வழக்கம். நோய்களின் பெயர்களையும் அறிகுறிகளையும் மனனஞ் செய்து எழுதிவிடும் மாணவர்கள் பலர், "ஏன்?" என்று வினவப்படும்போது தடுமாறுகின்றனர்.

• தடிமனுக்கு நுண்ணுயிர்கொல்லி மருந்து ஏன் பயனளிப்பதில்லை?
• காசநோய்க்கு ஏன் ஆறு மாதங்கள் மருந்து உட்கொள்ள வேண்டும்?
• முன்னர் நெருப்புக்காய்ச்சலைக் குணமாக்கிய மருந்து பின்னர் பல இடங்களில் ஏன் குணமாக்கவில்லை?

இம்மூன்று வினாக்களுக்கும் நீங்கள் காரணத்துடன் விடை எழுதக்கூடியவராக வேண்டும் என்பதே இப்பாடத்தின் நோக்கமாகும். பாடத்தை ஒருமுறை முழுவதும் வாசியுங்கள். பின்னர் கொப்பியை மூடிவிட்டு இறுதியிலுள்ள வினாக்களைச் செய்து பாருங்கள்.

1. நோயாக்கிகள்

ஒருவரிலிருந்து மற்றொருவருக்கோ, விலங்கிலிருந்து மனிதருக்கோ, அல்லது நீர், உணவு, காற்று, மண், பூச்சிகள் மூலமாகவோ பரவக்கூடிய நோய்கள் தொற்றுநோய்கள் எனப்படும். இவற்றை உண்டாக்கும் நுண்ணங்கிகள் நோயாக்கிகள் ஆகும். பிரதான நோயாக்கி வகைகள் நான்கையும் உதாரணங்களுடன் தெரிந்து வைத்திருங்கள்.

பற்றீரியா: நெருப்புக்காய்ச்சல், காசநோய், எலிக்காய்ச்சல், வாந்திபேதி, ஏற்புவலி, தொழுநோய்
வைரசு: தடிமன், இன்புளுவென்சா, டெங்கு, சின்னமுத்து, கொப்புளிப்பான், நீர்வெறுப்பு நோய், கொவிட்-19
பங்கசு: தேமல், படர்தாமரை
புரொட்டோசோவா: மலேரியா, அமீபா வயிற்றுளைவு

இங்கு பற்றீரியாவுக்கும் வைரசுக்கும் இடையிலான வேறுபாடே மிக முக்கியமானது. பற்றீரியா ஒரு முழுமையான கலம். அதற்குக் கலச்சுவர் உண்டு; புரதந் தயாரிக்கும் றைபோசோம்கள் உண்டு; தானாகவே உணவைப் பெற்றுப் பெருகக்கூடியது. வைரசு கலமன்று. அது புரத உறையொன்றினுள் இருக்கும் நியூக்கிளிக்கமிலம் மாத்திரமே. வேறோர் உயிரினத்தின் கலத்தினுள் புகுந்து, அக்கலத்தின் உறுப்புகளைப் பயன்படுத்தியே அது பெருகும். இந்த ஒரு வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் பாடத்தின் பாதி முடிந்தது.

2. நுண்ணுயிர்கொல்லி என்றால் என்ன?

பற்றீரியாக்களைக் கொல்லும் அல்லது அவற்றின் பெருக்கத்தைத் தடுக்கும் மருந்துகள் நுண்ணுயிர்கொல்லிகள் எனப்படும். பேச்சுவழக்கில் அன்ரிபயோற்றிக் என்கிறோம். பிறபொருளெதிரி என்பது வேறு. அது நோயாக்கியை எதிர்க்க நமது உடலே தயாரிக்கும் புரதம். இவ்விரு சொற்களையும் மாற்றி எழுதிப் புள்ளிகளை இழக்காதீர்கள்.

வரலாற்றுக் குறிப்பு

1928 இல் இலண்டன் சென்மேரிஸ் வைத்தியசாலையில் ஆய்வு செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் பிளெமிங், தமது பற்றீரியா வளர்ப்புத் தட்டு ஒன்றில் பூஞ்சணம் பிடித்திருப்பதைக் கண்டார். அப்பூஞ்சணத்தைச் சுற்றியிருந்த பற்றீரியாக்கள் அழிந்திருந்தன. பெனிசிலியம் என்ற அந்தப் பங்கசு சுரந்த பதார்த்தத்துக்கு அவர் பெனிசிலின் எனப் பெயரிட்டார். ஆனால் அதை மருந்தாகப் பயன்படுத்தும் அளவுக்குத் தூய்மையாக்க அவரால் இயலவில்லை.

ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் புளோரி, செயின் ஆகியோரின் குழு அவ்வேலையைச் செய்தது. 1940 மே மாதத்தில் எட்டு எலிகளுக்கு நோய்ப் பற்றீரியாக்கள் ஏற்றப்பட்டன. அவற்றுள் நான்குக்குப் பெனிசிலின் கொடுக்கப்பட்டது. மறுநாள் காலையில் மருந்து பெற்ற நான்கும் உயிருடன் இருந்தன. மற்றைய நான்கும் இறந்துவிட்டன. 1941 இல் முதன்முதலாகச் சிகிச்சை பெற்ற நோயாளர்களில் ஒருவர் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர். மருந்து ஏற்றியதும் அவர் தேறத் தொடங்கினார். ஆனால் கைவசமிருந்த மருந்து தீர்ந்துபோனது. அவரது சிறுநீரிலிருந்தே பெனிசிலினைப் பிரித்தெடுத்து மீண்டும் ஏற்றினார்கள். அதுவும் போதவில்லை, அவர் இறந்துபோனார். இன்று பாமசியில் இலகுவாகக் கிடைக்கும் மருந்து ஒருகாலத்தில் எவ்வளவு அரியதாக இருந்தது என்பதை இதிலிருந்து உணரலாம்.

1945 இல் பிளெமிங், புளோரி, செயின் ஆகிய மூவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. பிளெமிங் தமது நோபல் உரையிலேயே ஓர் எச்சரிக்கையையும் விடுத்தார். போதாத அளவில் பெனிசிலினைப் பயன்படுத்தினால் அம்மருந்துக்கு அடங்காத நுண்ணங்கிகள் தோன்றிவிடும் என்பதே அது.

3. நுண்ணுயிர்கொல்லி தொழிற்படும் விதம்

ஒரு மருந்து நோயாக்கியைத் தாக்க வேண்டும். நமது கலங்களைத் தாக்கக் கூடாது. ஆகவே பற்றீரியாவில் இருந்து, நம்மில் இல்லாத அல்லது வேறு வடிவில் இருக்கும் பகுதியையே மருந்து குறிவைக்கிறது.

• பெனிசிலின், அமொக்சிசிலின்: பற்றீரியாவின் கலச்சுவர் ஆக்கப்படுவதைத் தடுக்கும். மனிதக் கலங்களுக்குக் கலச்சுவர் இல்லை.
• ஸ்ரெப்ரோமைசின், டொக்சிசைக்கிளின்: பற்றீரியாவின் றைபோசோமில் புரதத் தொகுப்பைப் பாதிக்கும்.
• சிப்புறோபுளொக்சசின்: பற்றீரியாவின் டி.என்.ஏ. பிரதியாக்கப்படுவதைத் தடுக்கும்.

இப்போது முதலாவது வினாவுக்கு விடை தெளிவு. தடிமனை உண்டாக்குவது வைரசு. வைரசுக்குக் கலச்சுவரும் இல்லை, சொந்த றைபோசோமும் இல்லை. மருந்து தாக்குவதற்குரிய இலக்கே அங்கு இல்லாதபோது மருந்து எப்படிப் பயனளிக்கும்? டெங்கு, இன்புளுவென்சா, கொவிட்-19 ஆகியவற்றை உண்டாக்கும் வைரசுகளுக்கும் இதே காரணம் பொருந்தும்.

"ஆனால் குளிசை எடுத்ததும் தடிமன் மாறியதே" என்று வீட்டில் யாராவது சொல்லக்கூடும். சாதாரண தடிமன் பெரும்பாலும் ஒரு வாரம் முதல் பத்து நாட்களுக்குள் உடலின் நிர்ப்பீடனத்தாலேயே மாறிவிடும். எப்படியும் மாறவிருந்த நோய்க்கு இடையில் எடுத்த குளிசை பெயரைத் தட்டிக்கொள்கிறது.

4. எதிர்ப்புத்தன்மை உண்டாகும் விதம்

முன்னர் ஒரு நுண்ணுயிர்கொல்லிக்கு அடங்கிய பற்றீரியா வகை, பின்னர் அம்மருந்து இருக்கும்போதும் உயிர்வாழ்ந்து பெருகும் ஆற்றலைப் பெறுதல் நுண்ணுயிர்கொல்லி எதிர்ப்புத்தன்மை எனப்படும்.

எதிர்ப்புத்தன்மையைப் பெறுவது பற்றீரியாவே. மனித உடல் அன்று. "உடல் மருந்துக்குப் பழகிவிட்டது" என எழுதினால் விடை பிழையாகும். ஒருபோதும் நுண்ணுயிர்கொல்லி எடுக்காத ஒரு கைக்குழந்தைக்கும் எதிர்ப்புத்தன்மை பெற்ற பற்றீரியா தொற்றலாம். அந்தக் குழந்தைக்கும் மருந்து பலிக்காது. இந்தப் பிரச்சினை எடுத்தவரோடு நின்றுவிடாமல் ஊரையே பாதிப்பது இதனாற்றான்.

படிமுறையாகப் பார்ப்போம்.

படி 1. சாதகமான சூழலில் சில பற்றீரியாக்கள் ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ஒன்று ஒரு மணித்தியாலத்தில் 8 ஆகும். இரண்டு மணித்தியாலத்தில் 64 ஆகும். அதே வேகத்தில் சென்றால் ஏழு மணித்தியாலத்தில் 20 இலட்சத்தைத் தாண்டும்.

படி 2. ஒவ்வொரு முறையும் டி.என்.ஏ. பிரதியாக்கப்படும்போது அரிதாகச் சில தவறுகள் நிகழும். இவை விகாரங்கள் எனப்படும். தற்செயலாக நிகழும் ஒரு விகாரம் ஒரு பற்றீரியாவை மருந்திலிருந்து காக்கக்கூடியதாக அமையலாம்.

படி 3. மருந்து உட்கொள்ளப்படும்போது மருந்துக்கு அடங்கும் பற்றீரியாக்கள் மடிகின்றன, எதிர்ப்புள்ளவை எஞ்சுகின்றன.

படி 4. போட்டிக்கு மற்றவை இல்லாததால் எஞ்சியவை தடையின்றிப் பெருகுகின்றன. இது இயற்கைத் தேர்வுக்குச் சிறந்த உதாரணமாகும்.

படி 5. எதிர்ப்புத்தன்மைக்குரிய பரம்பரையலகைப் பற்றீரியாக்கள் பிளாஸ்மிட்டு எனப்படும் சிறிய டி.என்.ஏ. வளையங்கள் மூலம் ஒன்றுக்கொன்று வழங்கவும் கூடும். வேறு இனப் பற்றீரியாவுக்கும் வழங்கலாம்.

இவற்றிலிருந்து ஒன்றைக் கவனியுங்கள். மருந்து எதிர்ப்புத்தன்மையைப் புதிதாக உருவாக்குவதில்லை. தற்செயலாகத் தோன்றியதைத் தெரிந்தெடுத்துக் கொடுக்கிறது. வயலில் நெல்லைப் பிடுங்கிவிட்டுப் புல்லை விட்டால் எது வளரும்? அதுபோலவே, தேவையற்ற ஒவ்வொரு குளிசையும் நமது குடலிலும் தோலிலும் வாழும் தீங்கற்ற பற்றீரியாக்களை அழித்து, எதிர்ப்புள்ளவற்றுக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கிறது.

பற்றீரியாக்கள் கையாளும் உபாயங்கள்
• மருந்தை அழிக்கும் நொதியத்தைச் சுரத்தல் (உதாரணம்: பெனிசிலினை அழிக்கும் நொதியம். 1940 இலேயே இது கண்டறியப்பட்டது)
• கலத்தினுள் வந்த மருந்தை வெளியே பம்பித் தள்ளுதல்
• மருந்து தாக்கும் இலக்கின் அமைப்பை மாற்றிக்கொள்ளல்
• மருந்து உட்புகாதவாறு கலமென்சவ்வை மாற்றிக்கொள்ளல்

5. ஓர் உதாரணம்: நெருப்புக்காய்ச்சல்

நெருப்புக்காய்ச்சலை உண்டாக்குவது சல்மனெல்லா ரைபி என்ற பற்றீரியா. நோயாளியின் மலத்துடனும் சில வேளை சிறுநீருடனும் வெளியேறும் இது நீரையும் உணவையும் அடைந்து மற்றொருவரின் வாய்வழியே உட்செல்கிறது. நாளுக்கு நாள் ஏறும் காய்ச்சல், தலையிடி, வயிற்றுவலி, உணவில் விருப்பமின்மை, மலச்சிக்கல் அல்லது வயிற்றோட்டம் என்பன அறிகுறிகள். கவனியாது விட்டால் குடலில் இரத்தம் கசியலாம். குடலில் துளை விழுந்து மரணமும் நேரலாம். நோய் மாறிய பின்னரும் சிலர் அறிகுறி எதுவுமின்றிப் பற்றீரியாவை வெளியேற்றிக் கொண்டிருப்பர். அவர்கள் காவிகள் எனப்படுவர்.

யாழ்ப்பாணக் குடாநாட்டு மாணவர்களுக்கு இந்நோய் புதிதன்று. சுண்ணக்கற் பாறையில் வெடிப்புகளும் துவாரங்களும் உள்ளதால், மலசலகூடக் குழியிலிருந்து கசியும் அழுக்கு நிலத்தடி நீரை இலகுவில் சென்றடையும். கிணற்றுநீர் பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் பாதுகாப்பானது எனக் கொள்ள முடியாது.

இந்நோய்க்கு எதிரான மருந்துகளின் கதையைக் காலவரிசையில் பாருங்கள்.

• நுண்ணுயிர்கொல்லிகளுக்கு முன்னர் நோய்கண்டவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இறக்க நேரிட்டது.
• 1948 இல் குளோரம்பெனிக்கோல் பயன்பாட்டுக்கு வந்தது. மரணங்கள் பெருமளவில் குறைந்தன.
• 1972 இல் மெக்சிக்கோவில் குளோரம்பெனிக்கோலுக்கு அடங்காத பற்றீரியாவால் பெருந்தொற்று ஏற்பட்டது.
• 1980களின் பிற்பகுதியில் தெற்காசியாவில், அதுவரை பயன்பட்ட மூன்று பிரதான மருந்துகளுக்கும் அடங்காத வகை பரவியது. வைத்தியர்கள் சிப்புறோபுளொக்சசினுக்கு மாறினார்கள். சில ஆண்டுகளில் அதற்கும் எதிர்ப்புத்தன்மை தோன்றியது.
• 2016 இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில், மேற்கூறியவற்றுடன் ஊசிமூலம் ஏற்றும் செப்ரியக்சோனுக்கும் அடங்காத வகை பரவத் தொடங்கியது. வாய்வழி மருந்துகளில் அசித்திரோமைசின் ஒன்றே எஞ்சியது.
• 2019 நவம்பரில் பாகிஸ்தான், நெருப்புக்காய்ச்சலுக்கான புதிய இணைப்புத் தடுப்பூசியைச் சிறுவர்களுக்கான வழமையான தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தது. உலகில் அவ்வாறு செய்த முதல் நாடு அதுவே.

இந்தக் காலவரிசை சொல்லும் பாடம் என்ன? புதிய மருந்து வருகிறது, பற்றீரியா அதைத் தாண்டுகிறது, அடுத்த மருந்து வருகிறது, அதையும் தாண்டுகிறது. மருந்தை மட்டும் நம்பி ஓடும் ஓட்டத்தில் பற்றீரியாவே முன்னால் நிற்கிறது. ஆனால் கொதித்தாறிய நீருக்கு எதிராக எந்தச் சல்மனெல்லாவும் எதிர்ப்புத்தன்மை பெறவில்லை. நோய் வராமலே தடுத்தால் மருந்துக்கும் வேலையில்லை, எதிர்ப்புத்தன்மைக்கும் இடமில்லை.

6. காசநோய்க்கு ஏன் ஆறு மாதங்கள்?

1943 இல் அமெரிக்காவில் வக்ஸ்மனின் ஆய்வுகூடத்தில் மாணவராக இருந்த சட்ஸ் ஸ்ரெப்ரோமைசினைப் பிரித்தெடுத்தார். காசநோய்க்குப் பலித்த முதலாவது நுண்ணுயிர்கொல்லி இதுவாகும். ஆனால் அதைத் தனியாகக் கொடுத்தபோது முதலில் தேறிய நோயாளர் பலர் சில மாதங்களில் மீண்டும் நோயுற்றனர். அவர்களின் உடலிலிருந்த பற்றீரியாக்கள் எதிர்ப்புத்தன்மை பெற்றிருந்தன. இரண்டாவது மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது இது குறைந்தது. ஒரே பற்றீரியாவில் இரு மருந்துகளுக்கும் எதிரான விகாரங்கள் ஒருங்கே தோன்றுவது மிக அரிது என்பதே காரணம்.

சாதாரண காசநோய்க்கான வழமையான சிகிச்சையில் முதல் இரண்டு மாதங்களுக்கு நான்கு மருந்துகளும் அடுத்த நான்கு மாதங்களுக்கு இரண்டு மருந்துகளும் வழங்கப்படுகின்றன. காசநோய்ப் பற்றீரியா மெதுவாகப் பெருகுவது. சில செயலற்ற நிலையில் நெடுநாள் மறைந்திருக்கும். சில வாரங்களில் இருமல் குறைந்து உடல் தேறியதும் "சுகம் வந்துவிட்டது" என மருந்தை நிறுத்துபவரின் உடலில் எஞ்சியவை மீண்டும் பெருகும். பல மருந்துகளுக்கு அடங்காத காசநோயாகவும் மாறலாம். அதைக் குணமாக்குவது கடினம். அவரிடமிருந்து தொற்றுபவருக்கும் அதே கடினமான நோயே தொற்றும். இதனாலேயே சுகாதார ஊழியர் ஒருவரின் நேரடிக் கண்காணிப்பில் மருந்தை விழுங்கச் செய்யும் முறை கடைப்பிடிக்கப்படுகிறது. இலங்கையில் அரச மார்புநோய்ச் சிகிச்சை நிலையங்களில் இம்மருந்துகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

7. எலிக்காய்ச்சல்: தாமதமும் ஆபத்தே

இதுவரை வாசித்ததிலிருந்து "நுண்ணுயிர்கொல்லி கெட்டது" என்று முடிவுசெய்துவிட வேண்டாம். தேவையற்றபோது எடுப்பது எவ்வளவு தவறோ, தேவையானபோது எடுக்காமல் விடுவதும் அவ்வளவு தவறாகும்.

எலிக்காய்ச்சல் பற்றீரியா நோயாகும். எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த வயல்நீர், வெள்ளநீர், சேறு என்பவற்றில் இறங்குவோருக்குத் தோலிலுள்ள காயங்கள் மூலம் தொற்றும். 2024 நவம்பர் இறுதியில் பெய்த கடும் மழை, வெள்ளத்தின் பின்னர், டிசம்பர் மாதத்தில் யாழ்ப்பாண மாவட்டத்தில் காய்ச்சலால் சிலர் உயிரிழந்தனர். முதலில் அது மர்மக் காய்ச்சல் எனப் பேசப்பட்டது. ஆய்வுகூடப் பரிசோதனையில் எலிக்காய்ச்சல் எனத் தெரியவந்தது.

ஆரம்பத்தில் டெங்கு, எலிக்காய்ச்சல், நெருப்புக்காய்ச்சல் மூன்றும் காய்ச்சல், தலையிடி, உடல்நோவு என ஒன்றுபோலவே தோன்றும். முதலாவது வைரசால் வருவது. மற்றைய இரண்டும் பற்றீரியாவால் வருபவை. எது என்பதைப் பக்கத்து வீட்டாராலோ பாமசியில் நிற்பவராலோ பார்த்துச் சொல்ல இயலாது. வைத்தியரின் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையுமே சொல்லும். வயலில் இறங்கியவர், வெள்ளத்தில் நடந்தவர் அதனை வைத்தியரிடம் கட்டாயம் கூற வேண்டும். தொற்று அபாயமுள்ள விவசாயிகளுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் மூலம் டொக்சிசைக்கிளின் முற்காப்பாக வழங்கப்படுகிறது. அதுவும் அவர்களின் அறிவுறுத்தலின்படியே உட்கொள்ளப்பட வேண்டும்.

8. எதிர்ப்புத்தன்மை பரவுவதற்கான காரணங்கள்

1. வைரசு நோய்களுக்கு நுண்ணுயிர்கொல்லி உட்கொள்ளல்
2. வைத்தியரின் துண்டு இல்லாமல் பாமசியில் வாங்குதல்
3. வைத்தியர் குறித்த அளவையும் நாட்களையும் தாமாகவே குறைத்தல்
4. மீதியான குளிசைகளை வைத்திருந்து அடுத்த நோய்க்கு எடுத்தல், பிறருக்குக் கொடுத்தல்
5. நோயற்ற கால்நடைகளுக்கு விரைவான வளர்ச்சிக்காகக் கொடுத்தல் (ஐரோப்பிய ஒன்றியம் இதனை 2006 முதல் தடைசெய்தது)
6. வைத்தியசாலைகளில் தொற்றுத்தடுப்பு, கைச்சுத்தம் பேணப்படாமை
7. பாதுகாப்பான நீர், மலசலகூட வசதிகள் போதாமை

2022 இல் வெளியான சர்வதேச ஆய்வொன்றின் மதிப்பீட்டின்படி, 2019 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் பற்றீரியாக்களின் எதிர்ப்புத்தன்மை நேரடிக் காரணமாக இறந்தனர். சத்திரசிகிச்சை, சிசேரியன் பிரசவம், புற்றுநோய்ச் சிகிச்சை யாவும் தொற்றுக்களை மருந்தால் அடக்கலாம் என்ற நம்பிக்கையிலேயே நடைபெறுகின்றன. மருந்து பலிக்காவிட்டால் இவையும் ஆபத்தாகிவிடும்.

9. தொற்றுநோய்த் தடுப்பு

நோய்த்தொற்று ஒரு சங்கிலி. நோயாக்கி இருக்கும் இடம், அது பரவும் வழி, அதை ஏற்கும் மனிதர் என்பன அதன் கண்ணிகள். ஏதாவது ஒரு கண்ணியை அறுத்தால் போதும்.

1854 இல் இலண்டனில் வாந்திபேதி பரவியபோது, நோயாளர்களின் வீடுகளைப் படத்தில் குறித்த வைத்தியர் ஜோன் சினோ, அவை ஒரு தெருநீர்ப் பம்பியைச் சூழவே இருப்பதைக் கண்டார். அவரது வேண்டுகோளின்படி பம்பியின் கைப்பிடி அகற்றப்பட்டது. அக்காலத்தில் இந்நோயைக் குணமாக்கும் மருந்து இருக்கவில்லை. பரவும் வழி எதுவென்று கண்டு அதை அடைத்ததே அவர் செய்த காரியம்.

நோயாக்கி இருக்கும் இடத்தை ஒழித்தல்
• நோயாளரைக் காலந்தாழ்த்தாது சிகிச்சைக்கு அனுப்புதல்
• நெருப்புக்காய்ச்சல், டெங்கு, எலிக்காய்ச்சல் போன்ற அறிவிக்க வேண்டிய நோய்களைச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவித்தல்
• எலிகளைக் கட்டுப்படுத்தல். குப்பைகளை முறையாக அகற்றல்

பரவும் வழியை அடைத்தல்
• கொதித்தாறிய நீரைப் பருகுதல். கிணற்றுக்குக் குளோரீன் இடுதல்
• கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே போதிய தூரம் பேணல் (குறைந்தது 15 மீற்றர் எனப் பொதுவாகக் கூறப்படும்; சுண்ணக்கல் நிலத்தில் அதனிலும் கூடுதலாக இருப்பது நன்று)
• மலசலகூடம் சென்ற பின்னரும் உணவுக்கு முன்னரும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல்
• இருமும்போது வாயையும் மூக்கையும் மூடுதல்
• நீர் தேங்கும் இடங்களை அகற்றி நுளம்பு பெருகாது தடுத்தல்

ஏற்பவரின் நிர்ப்பீடனத்தை வளர்த்தல்
• தடுப்பூசி, போசாக்கான உணவு, போதிய உறக்கம், உடற்பயிற்சி

தடுப்பூசியும் எதிர்ப்புத்தன்மையைக் குறைக்கும். சின்னமுத்து வைரசு நோயாயினும், அதைத் தொடர்ந்து பற்றீரியாவால் நியூமோனியா வரலாம். சின்னமுத்து வராமல் தடுத்தால் அந்த நியூமோனியாவுக்குரிய நுண்ணுயிர்கொல்லியும் தேவைப்படாது.

இலங்கையின் சாதனைகளை ஆண்டுகளுடன் எழுதப் பழகுங்கள். இறுதி இளம்பிள்ளைவாத நோயாளி 1993 இல் பதிவானார். 2016 இல் மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. 2019 இல் சின்னமுத்து ஒழிக்கப்பட்ட நாடாக அறிவிக்கப்பட்டது. எனினும் 2023 இல் சின்னமுத்து மீண்டும் பரவியதால், 2024 ஜனவரியில் மேலதிக தடுப்பூசி ஏற்றப்பட்டது. தடுப்பில் தளர்ந்தால் நோய் திரும்பும் என்பதற்கு இது சான்று.

10. விடைத்தாள்களில் அடிக்கடி காணப்படும் பிழைகள்

பிழை: நுண்ணுயிர்கொல்லி எல்லாக் கிருமிகளையும் கொல்லும்.
சரி: பற்றீரியாக்களையே தாக்கும், வைரசுகளைத் தாக்காது.

பிழை: மருந்து எடுத்தால் உடல் எதிர்ப்புத்தன்மை பெறும்.
சரி: பற்றீரியா எதிர்ப்புத்தன்மை பெறும்.

பிழை: தடுப்பூசியும் நுண்ணுயிர்கொல்லியும் ஒன்று.
சரி: தடுப்பூசி நோய் வரமுன் நிர்ப்பீடனத்தைத் தூண்டுவது, நுண்ணுயிர்கொல்லி பற்றீரியாவை நேரடியாகத் தாக்குவது.

11. பயிற்சி வினாக்கள்

பல்தேர்வு

(1) நுண்ணுயிர்கொல்லியால் குணப்படுத்தக்கூடிய நோய்
1. டெங்கு 2. சின்னமுத்து 3. எலிக்காய்ச்சல் 4. இன்புளுவென்சா

(2) பெனிசிலின் மனிதக் கலங்களைத் தாக்காமைக்குப் பிரதான காரணம், மனிதக் கலங்களில்
1. கரு இன்மை 2. கலச்சுவர் இன்மை 3. றைபோசோம் இன்மை 4. கலமென்சவ்வு இன்மை

(3) காசநோய்க்கு ஒரே நேரத்தில் பல மருந்துகள் கொடுக்கப்படுவது
1. செலவைக் குறைக்க 2. எதிர்ப்புத்தன்மை தோன்றுவதைத் தடுக்க 3. பசியைத் தூண்ட 4. வைரசையும் அழிக்க

விடைகள்: (1) 3, (2) 2, (3) 2

அமைப்புக் கட்டுரை

தரம் 10 மாணவன் ஒருவனுக்கு இரண்டு நாட்களாகக் காய்ச்சல். கடந்த வருடம் தொண்டை நோவுக்கு வாங்கிய அமொக்சிசிலினில் மீதியிருந்த நான்கு குளிசைகளை உறவினர் ஒருவர் அவனுக்குக் கொடுக்கிறார்.

(அ) இச்செயலிலுள்ள தவறுகள் மூன்று தருக.
(ஆ) இதனால் அம்மாணவனுக்கும் சமூகத்துக்கும் ஏற்படக்கூடிய தீமை ஒவ்வொன்று தருக.
(இ) அவனுக்கு நீங்கள் கூறும் ஆலோசனைகள் இரண்டு தருக.

மாதிரி விடை

(அ) நோய் எதுவென அறியாமல் மருந்து கொடுத்தமை. வைத்தியரின் ஆலோசனையின்றிக் கொடுத்தமை. வேறொரு நோய்க்கு வாங்கிய, போதாத அளவிலான பழைய மருந்தைக் கொடுத்தமை.

(ஆ) மாணவனுக்கு: டெங்கு அல்லது எலிக்காய்ச்சலாக இருந்தால் உரிய சிகிச்சை தாமதமாகி உயிராபத்து நேரலாம். சமூகத்துக்கு: எதிர்ப்புள்ள பற்றீரியாக்கள் தெரிந்தெடுக்கப்பட்டுப் பிறருக்கும் பரவலாம்.

(இ) உடன் வைத்தியரை நாடிப் பரிசோதனை செய்துகொள்ளல். டெங்காக இருக்கலாம் என்பதால் அஸ்பிரின், இபுபுரோபன் ஆகியவற்றைத் தவிர்த்து, போதிய நீராகாரமும் ஓய்வும் எடுத்து, உரிய அளவில் பரசிற்றமோல் மாத்திரம் உட்கொள்ளல்.

செயற்பாடு

உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியைப் பெரியவர் ஒருவருடன் சேர்ந்து திறந்து பாருங்கள். மீதியான நுண்ணுயிர்கொல்லிகள் இருப்பின் அவற்றின் பெயரையும் காலாவதித் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ எறியாமல், எவ்வாறு அகற்றுவதென அருகிலுள்ள வைத்தியசாலையில் அல்லது பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியுங்கள். நீங்கள் அறிந்ததை வீட்டிலுள்ளோருக்கும் விளக்கிச் சொல்லுங்கள். பிறருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் பரீட்சை மண்டபத்தில் மறக்காது.